மூன்றாம் வகுப்பில் வாசிப்பு நேரம்

ஆரம்பப் பிரிவில் படிப்பிப்பது பெரிய வேலையில்லை. படிப்பித்தது பிள்ளையிடம் போய்ச் சேர்ந்ததா என்று கண்டுபிடிப்பதற்குள்தான் சீவன் போய்விடும். நான் தொண்டைமானாற்றுப் பக்கம் ஒரு சின்னப் பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்போடு மாரடிக்கிறவள். இதே பிழைப்பில் இருக்கிறவர்களுக்கு மேற்கொண்டு விளக்கம் தேவையில்லை.

ஒட்டிக்கொண்ட தாள்

யதுசா கணீரென்று வாசிப்பாள். சொல்லுக்குச் சொல் விரல் வைப்பாள், நிறுத்துகிற இடத்தில் நிறுத்துவாள். போன தவணைப் பரீட்சையில் வாசிப்புக்கு 'மிக நன்று' போட்டுவிட்டு நானும் பெருமைப்பட்டேன்.

ஒருநாள் மழையில் பை நனைந்து, அவளுடைய தமிழ்ப் புத்தகத்தில் இரண்டு தாள் ஒட்டிக்கொண்டன. சந்தைப் படம் போட்ட பக்கத்தில் விரலை ஓடவிட்டபடி, யானைப் பாடத்தை ஒரு பிழையில்லாமல் வாசித்துக்கொண்டு போனாள். "யானை எங்கை பிள்ளை?" என்று கேட்டேன்.

"உள்ளுக்கை இருக்கு ரீச்சர். தாளைப் பிரிச்சா வரும்."

தாயின் மன்றாட்டம்

வீட்டில் தமக்கை சத்தம்போட்டு வாசிக்க, இவள் கேட்டுக் கேட்டே முழுப் புத்தகத்தையும் பாடமாக்கியிருக்கிறாள். எழுத்துக் கூட்டத் தெரியாது. எனக்குப் பிள்ளையில் கோபம் வரவில்லை, ஒரு தவணை முழுக்க ஏமாந்த என்னில்தான் வந்தது.

அதற்குள் பள்ளிக்கூட அதிபர் புது ஒழுங்கொன்று போட்டிருந்தார். தவணை முடிவில் ஒவ்வொரு பிள்ளையும் பாடப்புத்தகத்தில் இல்லாத ஒரு பக்கத்தை அவருக்கு முன்னால் வாசிக்கவேண்டும். முடியாதவர்கள் அடுத்த தவணை வாசிப்பு நேரத்தில் இரண்டாம் வகுப்பில் போய் இருக்கவேண்டும். தாயைக் கூப்பிட்டு உள்ளதைச் சொன்னேன். மனுசி அழாத குறை.

"அங்கை மட்டும் அனுப்பிப் போடாதேங்கோ ரீச்சர். அவளின்ரை தம்பி அந்த வகுப்பிலைதான் இருக்கிறான்."

ஊர்ப் படம்

சுற்றாடல் பாடத்துக்கு 'எங்கள் ஊர்' படம் கீறிவரச் சொன்னேன். மற்றவர்கள் பள்ளிக்கூடம், கோயில், தபாற்கந்தோர் எல்லாம் கீறி வந்தார்கள். யதுசாவின் தாளில் அடியில் ஒரு கோடு, அதற்குமேல் முழுக்கக் கடல், கடல் நிறைய வட்டமும் புள்ளியும். நான் சுன்னாகத்துத் தோட்டக்காரர் வீட்டுப் பிள்ளை. கடல் என்றால் ஊர் முடிகிற இடம் என்றுதான் எனக்குத் தெரியும். சிவப்பு மையால் பிழை போட்டேன்.

அடுத்தநாள், கடற்றொழிலுக்குப் போகிற தகப்பன் தாளோடு வந்தார். சண்டைக்கு வரவில்லை. ஒவ்வொரு புள்ளியாகத் தொட்டு, கடலுக்கடியில் கிடக்கிற பாறைகளைக் காட்டினார். இது பெரியகல், இது சின்னக்கல், இதில் மாட்டினால் வலை போச்சு, பெயரே வலைகிழிச்சான். பக்கத்தில் நின்ற யதுசா, அவர் விட்ட இடங்களையும் சொன்னாள். எனக்கு வெட்கமாய்ப் போய்விட்டது. தகப்பன் தாளை என் மேசையில் வைத்தார்.

"எங்கடை ஊர் முக்கால்வாசியும் அங்காலை கடலுக்கைதான் ரீச்சர். கரைக்கு நாங்கள் நித்திரை கொள்ளத்தான் வாறம்."

இரண்டு கல்

அந்தப் பெயர்களைத் துண்டுத் தாள்களில் எழுதினேன். எந்தப் புத்தகத்திலும் இல்லாத பெயர்கள், தமக்கை வாசித்துக் கேட்டிருக்க வழியில்லை. தினமும் கலைத்துப்போட்டு எடுக்கச் சொன்னேன். நாலு நாள் குருட்டடி. ஐந்தாம் நாள் இரண்டு துண்டுகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் கனநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ரீச்சர், ரெண்டிலையும் கடைசியிலை ஒரே கல்லுத்தான் கிடக்குது!"

அதிபரின் அறை

தவணை முடிவில் அதிபர் கொடுத்தது பேருந்துப் பயணம் பற்றிய ஒரு பக்கம். யதுசா எழுத்து எழுத்தாகக் கூட்டினாள். நடுவில் நின்றாள், வியர்த்தாள், திரும்பத் தொடங்கினாள். மற்றப் பிள்ளைகள் மூன்று பேர் வாசிக்கிற நேரம் எடுத்து, கடைசிச் சொல்லையும் வாசித்து முடித்தாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது. அதிபர், "சரி, மூண்டாம் வகுப்பிலையே இருக்கட்டும்" என்று கையெழுத்து வைத்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார்.

"போன தவணை தண்ணி மாதிரி வாசிச்ச பிள்ளையெல்லே ரீச்சர்? என்ன செய்து கெடுத்தனீங்கள்?"

சரளமாக வாசித்த பிள்ளையைத் தடக்கித் தடக்கி வாசிக்கவைத்ததுதான், இத்தனை வருட உத்தியோகத்தில் நான் உருப்படியாகச் செய்த ஒரே வேலை.