பெர்னடெட் டீச்சரின் கோபம்

பெர்னடெட் மெடைரோஸ் கத்தினால் கடற்கரைச் சாலை வரைக்கும் கேட்கும் என்று எங்கள் பள்ளியில் சொல்வார்கள். அது கொஞ்சம் மிகைதான். ஆனால் என் வகுப்பறை அவளுடையதற்கு அடுத்தது. நடுவில் இருப்பது வெறும் பலகைத் தடுப்பு. நான் பிள்ளைகளுக்குப் பின்னம் சொல்லிக்கொடுத்த வருடங்களெல்லாம் அவள் குரலோடுதான் கழிந்தன.

"எந்த வரியில இருக்கு? விரலை வச்சுக் காட்டு!"

ஏழாம் வகுப்புக்கும் எட்டாம் வகுப்புக்கும் அவள் ஆங்கில டீச்சர். கதையில் வரும் அப்பன் கெட்டவன் என்று ஒரு பையன் சொன்னால் அவளுக்குப் போதாது. எழுதியவர் அவனைக் கெட்டவன் என்று எங்கே சொல்கிறார், சொல்லாவிட்டால் எதை வைத்து நீ அப்படி நினைத்தாய், அந்த இடத்தைக் காட்டு என்பாள். புத்தகம் எப்படி இருந்தது என்று கேட்டு, 'நல்லா இருந்துச்சு' என்று பதில் வந்துவிட்டால் தொலைந்தான். "சாப்பாடும்தான் நல்லா இருந்துச்சு. நாயும்தான் நல்லா இருக்கு. உக்காந்து யோசிச்சு எழுது." ஒரு கட்டுரையை மூன்று தடவையாவது திருப்பி எழுத வைப்பாள். துண்டு துண்டான பத்திகளைக் கொடுத்துக் கேள்வி கேட்கும் பயிற்சித் தாள்கள் வட்டாரக் கல்வி அலுவலகத்திலிருந்து கட்டுக்கட்டாக வரும். அவற்றின் பின்பக்கத்தைத்தான் அவள் பயன்படுத்தினாள். அவளுடைய பிள்ளைகள் முழுப் புத்தகம் படித்தார்கள், முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை.

ஓவாஹு தீவின் இந்த மேற்குக் கரையில்தான் அவளும் பிறந்தாள். அப்பா சிமெண்ட் லாரி ஓட்டினார். அம்மா வைகீகீ ஓட்டல் ஒன்றில் துணி துவைத்தாள். எங்கள் வீடுகளில் பேசுவது பிட்ஜின். கரும்புத் தோட்டங்களில் வேலைக்கு வந்த பத்து தேசத்து ஜனங்கள் ஒருவரோடு ஒருவர் பேசிப் பேசி உண்டாக்கிய பேச்சு. அவள் ஏழாம் வகுப்பில் அதே பேச்சில் ஒரு கட்டுரை எழுதினாள். அமெரிக்கப் பெருநிலத்திலிருந்து வந்த ஒரு வாத்தியார் அதன் குறுக்கே சிவப்பு மையில் 'இது மொழியே அல்ல' என்று எழுதி, வகுப்புக்கு முன்னால் படித்தும் காட்டினார். வகுப்பு சிரித்தது. சிரித்தவர்கள் எல்லாரும் வீட்டுக்குப் போய் அதே மொழியில்தான் சோறு கேட்டார்கள். அதை அவள் மன்னிக்கவே இல்லை. வாத்தியாரையும் மன்னிக்கவில்லை, சிரித்தவர்களையும் மன்னிக்கவில்லை.

ஆங்கில டீச்சரான பிறகு பிள்ளைகளிடம் சொல்வாள்: "கடலுக்குப் போக ஒரு உடுப்பு, சர்ச்சுக்குப் போக ஒரு உடுப்பு. ரெண்டும் உன்னோடதுதான். எதையும் எவனும் கிழிக்க விடாத. ஆனா ரெண்டையும் போடத் தெரிஞ்சுக்க."

கியோசினா அவளிடம் வந்தது எட்டாம் வகுப்பில். சூக் தீவுகளிலிருந்து வந்து குடியேறிய குடும்பம். எங்கள் கரையில் கேலி செய்வதற்கு எப்போதும் ஒரு கூட்டம் வேண்டியிருக்கிறது. ஒரு காலத்தில் போர்த்துகீசியர், பிறகு பிலிப்பினோக்கள். இப்போது சூக்குக்காரர்களின் முறை. கடற்கரைப் பூங்காவை ஒட்டிக் கூடாரம் போட்டு இருக்கிறவர்களில் அவர்களும் உண்டு என்பதால், எல்லாரையும் சேர்த்து 'கூடாரம்' என்றே பையன்கள் கூப்பிட்டார்கள். கியோசினா பதில் சொல்ல மாட்டாள். பேசவே மாட்டாள். என் கணக்கு வகுப்பில் அவள் குரலை நான் கேட்டதே அபூர்வம். ஆனால் எழுத உட்கார்ந்தால் அவளை எழுப்ப முடியாது என்று பெர்னடெட் சொல்லியிருக்கிறாள்.

அந்த வருடம் வட்டாரம் முழுக்க எட்டாம் வகுப்புக்கு ஒரு கட்டுரைத் தேர்வு வைத்தார்கள். ஒரு கருத்தைச் சொல்லி, ஆதாரம் காட்டி நிறுவ வேண்டும். அதில் நல்ல மதிப்பெண் எடுத்தால் ஒன்பதாம் வகுப்பில் உயர்நிலை ஆங்கிலப் பிரிவில் இடம். கியோசினா, பூங்கா முன்னால் இருந்த பஸ் நிறுத்தத்தை எடுத்துவிட்டதைப் பற்றி எழுதினாள். பயணிகள் குறைவு என்று நகரப் போக்குவரத்துத் துறை காரணம் சொல்லியிருந்தது. யார் யார் ஏறினார்கள், இப்போது நெடுஞ்சாலை ஓரமாக எவ்வளவு தூரம் நடக்கிறார்கள், லாரிக் கண்ணாடி இடித்து யார் கை உடைந்தது என்று ஒவ்வொன்றாக எடுத்துவைத்திருந்தாள். நானும் படித்தேன். படித்து முடித்ததும் முதலிலிருந்து மறுபடி படித்தேன்.

அதற்குப் பூஜ்யம் வந்தது.

வட்டார அலுவலகம் புதிதாக ஒரு மென்பொருள் வாங்கியிருந்தது. மனிதர் எழுதியதா, இயந்திரம் எழுதியதா என்று அது கண்டுபிடிக்குமாம். கியோசினாவின் கட்டுரையை அது இயந்திரம் எழுதியது என்றது. உடனே பூஜ்யம், மேல்முறையீடு கிடையாது.

துணை முதல்வர் டரில் ஒனாகா, கியோசினாவுக்குப் பாடம் எடுக்கும் எங்கள் இருவரையும் அழைத்தான். டரிலும் இந்தக் கரைக்காரன்தான். பெர்னடெட்டோடு ஏழாம் வகுப்பில் கூடப் படித்தவன். அன்று சிரித்தவர்களில் ஒருவன்.

"பெர்னி, உக்காரு."

"நின்னுக்கிறேன். சொல்லு."

"தொண்ணூறு சதவீதம் மெஷின் எழுதினதுன்னு வருது. நான் என்ன பண்ண முடியும்?"

"நீ படிச்சியா?"

"எதை?"

"கட்டுரையைடா! படிச்சியா?"

"முதல் பத்தி பார்த்தேன். இந்தா, கேளு." அவன் திரையைப் பார்த்து வாசித்தான். "'பஸ் நிற்காத இடத்தில் இருக்கிறவர்கள் நடப்பதற்கென்றே பிறந்தவர்கள் என்று யாரோ முடிவு செய்திருக்கிறார்கள்.' எட்டாவது படிக்கிற பொண்ணு எழுதுற வரியா இது? அதுவும்..." நிறுத்திக்கொண்டான்.

"அதுவும்? முடிச்சுச் சொல்லு."

"நான் ஒண்ணும் சொல்லலையே."

"அதுவும் சூக்குக்காரப் பொண்ணு. அதானே தொண்டையில நிக்குது? துப்பிடு."

"நீ எல்லாத்தையும் அங்கதான் கொண்டுபோவ பெர்னி."

"நான் கொண்டுபோகல. நீ போய் நின்ன இடம் அது. நல்லா எழுதலைன்னா இதுங்களுக்கு வராதும்பீங்க. நல்லா எழுதினா திருடினதும்பீங்க. அப்ப இந்தப் புள்ளைங்க எப்படித்தாண்டா எழுதணும்? சுமாரா எழுதணுமா?"

டரில் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தான். கடைசியில் ஒரு வழி சொன்னான். அந்தப் பெண் அவன் அறையில், அவன் கண் முன்னால் வேறொரு கட்டுரை எழுதட்டும். அதைப் பார்த்துவிட்டு அவன் மேலிடத்தில் பேசுவான்.

"எழுதுவா," என்றாள் பெர்னடெட். "எழுதின பேப்பரை உன்னையே திங்க வைக்கிறேன் பாரு."

வெற்றி கிடைத்துவிட்ட மாதிரி அவள் நடந்தாள். பின்னால் ஓடிப் போய்ச் சேர்வது எனக்குக் கஷ்டமாக இருந்தது. மதிய இடைவேளை. கியோசினா பெர்னடெட்டின் வகுப்பில்தான் மூலையில் உட்கார்ந்து கடல்பாசித் தாளில் சோறும் டின் இறைச்சியும் சுற்றிய ஸ்பாம் முசுபியைத் தின்றுகொண்டிருந்தாள். கேன்டீனுக்கு அவள் போவதில்லை. பெர்னடெட் விஷயத்தைச் சொன்னாள். அந்தப் பெண் கடல்பாசித் தாளின் கடைசித் துணுக்கையும் மென்று விழுங்கிவிட்டு, "எழுத மாட்டேன், மிஸ்" என்றாள்.

"என்னது?"

"எழுத மாட்டேன்."

"அட, ஒரு மணி நேர வேலைடி. உனக்கு அது ஒண்ணுமே இல்ல."

"நான் எழுதலைன்னு அவர் சொல்றாரு. அது அவரோட கருத்து. ஆதாரம் எங்க, மிஸ்?"

"மெஷின் சொல்லுதாம்."

"எந்த வரியை எங்கேருந்து எடுத்தேன்னு மெஷின் காட்டுச்சா? கருத்து சொல்றவங்கதான் ஆதாரம் காட்டணும்னு நீங்கதானே சொன்னீங்க? சொன்னது அவரு. நான் எதுக்குக் காட்டணும்?"

பெர்னடெட்டின் முகம் சிவந்தது. "வீம்பு பண்ணாத. அந்தப் பிரிவுல உனக்கு இடம் வேணுமா வேணாமா? எனக்கு இதுல ஜெயிக்கணும்!"

"உங்களுக்கு ஜெயிக்கணும், சரி. உக்காந்து எழுதப் போறது நான்." அவ்வளவு நீளமாக அவள் பேசி நான் கேட்டதில்லை. "இன்னைக்கு நான் எழுதிக் காட்டினா, நாளைக்கு என் தங்கச்சியும் எழுதிக் காட்டணும். அப்புறம் எங்க புள்ளைங்க எல்லாரும் ரெண்டு தடவ எழுதணும், மத்தவங்க ஒரே தடவ. நான் மாட்டேன்."

பெர்னடெட் குப்பைத் தொட்டியை உதைத்துவிட்டு வெளியே போனாள். கார் நிறுத்துமிடத்தில் அவளைக் கண்டுபிடித்தேன். தன் பழைய டொயோட்டாவுக்குள் கண்ணாடிகளை ஏற்றிவிட்டு, அந்த வெயிலில் வியர்த்து ஊற்ற உட்கார்ந்திருந்தாள். கதவைத் திறந்து பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"நான் சொல்லிக்கொடுத்ததை வச்சே என்னை அடிக்கிறா, லெய்மோமி."

"அவளை நான் கூப்பிட்டுப் பேசட்டுமா?"

"என்னத்தைப் பேசுவ? அவ சொல்றதுதான் சரி. சரியா சொல்றதுனாலதான் இப்படி எரியுது. நான் அந்த டரிலோட விலைக்கு ஒத்துக்கிட்டேன் பாரு. கண்ணை மூடிட்டு ஒத்துக்கிட்டேன்." ஸ்டீயரிங்கை உள்ளங்கையால் அடித்தாள். ஹாரன் அலறியது. அதையும் திட்டினாள்.

அடுத்து வந்தது வட்டார அலுவலகத்தின் பெற்றோர் கூட்டம், எங்கள் பள்ளிக் கேன்டீனிலேயே. கியோசினாவின் அம்மா ரிசாலி விமான நிலையத் துப்புரவு வேலைச் சீருடையோடு நேரே வந்திருந்தாள். முன்வரிசையில் உட்கார்ந்தாள். பக்கத்து நாற்காலியில் இருந்த ஒரு பெண் எழுந்து வேறிடம் போனாள். அதை நானும் பார்த்தேன், பெர்னடெட்டும் பார்த்தாள். எனக்குத் தெரிந்து அந்த நொடியில்தான் அவள் மைக்கை நோக்கிப் போனாள். அவளுடைய பெயரை இன்னும் கூப்பிடக்கூட இல்லை.

கையில் அந்த மென்பொருளின் கையேடு இருந்தது. இணையத்தில் யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். அவள் அச்செடுத்து வந்திருந்தாள். மேடையில் இருந்த வட்டார அதிகாரியிடம் நீட்டினாள்.

"முதல் பக்கம். சத்தமா படிங்க."

"மிஸ் மெடைரோஸ், கேள்வி நேரம் இன்னும்..."

"கேள்வி இல்ல. வாசிக்கிறதுதான். எங்க ஏழாம் வகுப்புப் பாடம்."

கேன்டீனில் யாரோ சிரித்தார்கள். அதிகாரி அதை வாங்கி மனசுக்குள் படித்தார். அவர் முகம் மாறியது. சத்தமாகப் படிக்கவில்லை. பெர்னடெட்டே திரும்ப வாங்கிப் படித்தாள். இந்த முடிவு ஊகம் மட்டுமே. தவறாகவும் இருக்கலாம். குறிப்பாக ஆங்கிலம் வீட்டு மொழியாக இல்லாதவர்களின் எழுத்தில். இதை மட்டும் வைத்து எந்த மாணவர் மேலும் நடவடிக்கை எடுக்கக் கூடாது. விற்றவர்களே எழுதி வைத்திருந்தார்கள், பெரிய எழுத்தில், முதல் பக்கத்தில்.

"பூஜ்யம் போடலாம்னு எந்த வரியில இருக்கு? விரலை வச்சுக் காட்டுங்க, நான் வீட்டுக்குப் போறேன். காசு கொடுத்து வாங்கினீங்க. ஒருத்தராவது படிச்சீங்களா? எங்க புள்ளைங்களுக்குப் படிக்க வரலைன்னு வருஷா வருஷம் மார்க் வரைபடம் போட்டுக் காட்டுறீங்களே. உங்க யாருக்குப் படிக்க வந்துச்சு? பதிமூணு வயசுப் பொண்ணு ஒரு வாரம் நெடுஞ்சாலையில நின்னு பார்த்து எழுதினா. அதை நீங்க யாரும் கடைசி வரி வரைக்கும் வாசிக்கல. வாசிக்காமலே திருடின்னீங்க!"

கடைசியில் அவள் குரல் உடைந்துவிட்டது. மைக்கை யாரோ அணைத்தார்கள். அதனால் ஒரு வித்தியாசமும் இல்லை. அவள் பேசியது எல்லாருக்கும் கேட்டது. ரிசாலி எழுந்து நின்றாள். கூட்டம் முடியும் வரை உட்காரவே இல்லை.

இதற்குப் பிறகு நடந்ததைச் சொல்வதற்குத்தான் எனக்கு எரிச்சலாக இருக்கிறது. பூஜ்யத்தை எடுத்தார்கள். அதற்குப் பதிலாக 'மதிப்பிடப்படவில்லை' என்று போட்டார்கள். உயர்நிலைப் பிரிவுக்கான சேர்க்கை அதற்குள் முடிந்துவிட்டது என்றார்கள். மன்னிப்பு என்ற சொல் யார் வாயிலிருந்தும் வரவில்லை. கியோசினா ஒன்பதாம் வகுப்பில் பின்தங்கியவர்களுக்கான பிரிவில் உட்கார்ந்தாள். வருடத்தின் நடுவில் அங்கிருந்த வாத்தியாரே சொல்லி அவளை உயர்நிலைப் பிரிவுக்கு அனுப்பிவைத்தார். அதுவரைக்கும் வீணான மாதங்கள் வீணானவைதான். மென்பொருள் இன்னும் இருக்கிறது. இப்போது பூஜ்யம் போடும் முன் 'ஆசிரியரைக் கலந்தாலோசிக்க வேண்டும்.'

கட்டுரையை ரிசாலியின் சர்ச்சுப் பெண்கள் நகல் எடுத்து, பூப்போட்ட நீளப் பாவாடைகளோடு ஹொனலுலுவுக்குப் பஸ் ஏறிப் போய்ப் போக்குவரத்து அலுவலகத்தில் கொடுத்தார்கள். கொடுத்துவிட்டு, படித்துச் சொல்லும் வரை இருக்கிறோம் என்று அங்கேயே உட்கார்ந்துகொண்டார்கள். சில மாதம் கழித்துப் பூங்கா முன்னால் பஸ் மறுபடி நின்றது. கூரை கிடையாது, ஒரு கம்பம் மட்டும்.

பெர்னடெட்டுக்குக் கண்டனக் கடிதம் வந்தது. பொதுக்கூட்டத்தில் கண்ணியக் குறைவாம். எட்டாம் வகுப்பைப் பிடுங்கிக்கொண்டு ஆறாம் வகுப்பைக் கொடுத்தார்கள். அது தண்டனை என்று அவர்கள் நினைத்தார்கள். முதலில் அவளும் அப்படித்தான் நினைத்தாள். பிறகு ஒருநாள் பலகைத் தடுப்பைத் தட்டி, "லெய்மோமி! புள்ளைங்க இன்னும் ஒரு வருஷம் சீக்கிரமாவே கையில கிடைக்குதுங்க!" என்று கத்தினாள்.

டரில் ஒனாகாவுக்கு வட்டார அலுவலகத்தில் பதவி உயர்வு கிடைத்தது. கடைசி நாளன்று ஆசிரியர் அறைக்குப் பெரிய பெட்டி நிறைய எண்ணெயில் பொரித்த மலசாடா ரொட்டி வாங்கி வந்தான். சூடாக, சர்க்கரை உதிர. எல்லாரும் வாழ்த்திக் கைகுலுக்கினார்கள். அவன் பெட்டியை எடுத்துக்கொண்டு பெர்னடெட்டிடமே வந்தான்.

"கோபமெல்லாம் போச்சா பெர்னி?"

"இல்ல."

"எத்தன நாளைக்கு?"

"அந்தக் கட்டுரையைக் கடைசி வரைக்கும் படிச்சியா?"

டரில் பெட்டியைப் பார்த்தான்.

பெர்னடெட் அதிலிருந்து இரண்டு மலசாடாக்களை எடுத்தாள். ஒன்றை எனக்குக் கொடுத்தாள். வாழ்த்து சொல்லாமல், கையில் ஒட்டிய சர்க்கரையை நக்கிக்கொண்டே ஆறாம் வகுப்புக்குப் போனாள்.