நிழல் மாமியுடையது

மாமா ஒரு செடியை பிரிட்ஜுக்குள் வைத்து வளர்த்தார். சொன்னால் சிரிப்பீர்கள், நானும் சிரித்தவள்தான். நாவற்குடாவில் மாமியின் வீட்டுக் குசினியில், பிரிட்ஜின் அடியிலுள்ள மரக்கறிப் பெட்டிக்குள், ஒரு பக்கம் கீரையும் கத்தரிக்காயும் கிடக்கும். மறுபக்கம் பழைய பால்மாப் பையொன்றில் ஈரமண்ணை நிரப்பி, அதற்குள் இஞ்சித்துண்டு போல ஒரு கிழங்கு. அதன் பெயர் ஹொஸ்டா. குளிர்நாட்டுச் செடி, மரநிழலில் வளர்வது, பூவுக்காக அல்ல, இலையின் அழகுக்காக வளர்ப்பது. மாமா கெஞ்சிக் கேட்டதற்காக, சுவிஸில் இருக்கும் மாமியின் அக்கா மகன் விடுமுறையில் வந்தபோது இடுப்பில் கட்டும் சாரத்துக்குள் சுற்றி ஒளித்துக் கொண்டுவந்தான். வருடத்தில் சில மாதம் குளிருக்குள் உறங்காவிட்டால் அது மறுபடி தளிர்க்காது என்று சொல்லிவிட்டுப் போனான். மட்டக்களப்பில் குளிருக்கு எங்கே போவது? மாமா யோசித்துப் பார்த்துவிட்டு பிரிட்ஜைத் திறந்தார். "மீன் வெக்கவே இடமில்ல. இந்த மனிசன் கிழங்க நித்திரையாக்கப் போறாராம்!" என்று மாமி ஊருக்கெல்லாம் சொல்லிச் சிரித்தார். ஆனால் கரண்ட் போனவுடன், "ஒருத்தரும் பிரிட்ஜத் திறக்காதீங்க, அவர்ட பிள்ள எழும்பிரும்" என்று முதலில் கத்துகிறவரும் மாமிதான்.

என் அம்மாவின் ஒரே தம்பி அவர். அரசாங்க பஸ் ஓட்டினார், மட்டக்களப்பிலிருந்து பதுளைக்கு. ஒருநாள் பதுளைக்குக் கிட்டே மலைப்பாதையில் பஸ் பழுதாகி நின்றுவிட்டது. தண்ணீர் கேட்டு ஏறிப்போன வீட்டு முற்றத்தில், பலாமரத்தடியில், உள்ளே சிவப்பும் ஓரத்தில் பச்சையுமான இலைகளோடு கலாடியம் கூட்டமாக நின்றதாம். தண்ணீரைக் குடிக்க மறந்து பார்த்துக்கொண்டு நின்றேன் என்று சொல்வார். வீட்டுக்காரப் பெண் சிரித்துக்கொண்டே ஒரு கிழங்கைத் தோண்டிக் கொடுத்தாள். அன்று பிடித்த பைத்தியம். அதற்குப் பிறகு மலையிலிருந்து இறங்கும் ஒவ்வொரு பயணத்திலும் ஏதாவது ஒரு செடி பஸ்ஸில் வந்தது. தன் பக்கத்தில் வைத்தால் எஞ்சின் சூடு ஆகாது என்பதால் முன் ஆசனத்தில் இருக்கும் பெண்களிடம், "தங்கச்சி, இதக் கொஞ்சம் மடியில வெச்சிக்கிங்க, பிள்ளையப் பிடிக்கிற மாதிரி பிடிக்கணும்" என்று கொடுத்துவிடுவார். செங்கலடியில் இறங்குகிறவள் அடுத்தவள் மடிக்கு மாற்றிவிட்டு இறங்குவாள். அப்படி மடி மாறி மாறி வந்து சேர்ந்தவைதான் அத்தனையும். கலாடியம், அக்லோனிமா, அந்தூரியம், சீப்புப் பல் போல இலை விடும் விதம்விதமான பன்னம். அவற்றின் சரியான பெயர் மாமாவுக்குத் தெரியாது. எங்கே கிடைத்ததோ அந்த ஊரின் பெயரை வைத்துவிடுவார். "பண்டாரவளை நல்லா வருது, மகியங்கனைதான் கொஞ்சம் சோர்ந்துபோச்சு" என்று அவர் சொன்னால், பக்கத்தில் நிற்பவர்கள் ஏதோ றோட்டு நிலவரம் என்று நினைப்பார்கள்.

நாவற்குடா மணலில் மத்தியானம் வெறுங்காலோடு நடக்க முடியாது. இந்தச் செடிகளில் ஒன்றுக்கும் அந்த வெயில் ஆகாது. ஆனால் மாமியின் வளவில், மாமியின் தாய் காலத்து மாமரம் ஒன்று முற்றம் முழுவதையும் மூடிக்கொண்டு நின்றது. அதன் கீழ் புல்கூட முளைக்காது. உதவாத இடம் என்று எல்லோரும் விட்டிருந்த அந்த நிழலில்தான் மாமா தன் உலகத்தைக் கட்டினார். வருகிறவர்கள், "பூவும் இல்ல, காயும் இல்ல, என்னத்துக்கு மச்சான் இது?" என்று கேட்பார்கள். "காய்க்கிறத மாமரம் பாத்துக்கொள்ளும்" என்பார் மாமா. மாலை நேரத்தில் அந்த மரத்தடிக்குள் போனால் உடம்பு குளிர்ந்துவிடும். நான் வந்தாறுமூலையில் வேலைக்குச் சேர்ந்த புதிதில், மனம் சரியில்லாத நாட்களில் வீட்டுக்குப் போகாமல் பஸ் ஏறி அங்கே போய் இருந்திருக்கிறேன். மாமா ஒவ்வொரு இலையாக ஈரத்துணியால் துடைத்துக்கொண்டிருப்பார். மாமி தேத்தண்ணி கொண்டுவந்து வைத்துவிட்டு, "இவ்வளவு பாசமா என்ட முகத்த ஒருநாள் துடைச்சிருப்பாரா எண்டு கேள் புள்ள" என்பார்.

எங்கள் பக்கத்தில் வீடும் வளவும் பெண்ணுக்கு. கல்யாணம் முடித்தால் ஆண்தான் பெண்வீட்டுக்குப் போகவேண்டும். குடி என்கிற வம்சமும் தாய்வழிதான். மாமா எங்கள் குடி, அவர் பெற்ற மகள் மாமியின் குடி. இது தெரிந்த மனிதர் என்பதால் மாமா நெடுங்காலம் எல்லாச் செடியையும் சாடியிலேயே வைத்திருந்தார். ஒன்றைக்கூட நிலத்தில் இறக்கவில்லை. பென்ஷன் எடுத்த வருடம் மாமிதான் அதட்டினார். "என்னத்துக்கு இன்னும் சாடி? நாளைக்கு எங்கயும் பயணம் போகப்போறிங்களா? நிலத்தில வைங்க. நான் இரிக்கிற வரைக்கும் இந்த மரத்தில கத்தி படாது." மாமா அந்தச் சொல்லை நம்பினார். சாடிகளை உடைத்து எல்லாவற்றையும் மண்ணில் இறக்கினார். வேர் ஓடி, குட்டி போட்டு, அடுத்த மாரிக்குள் மரத்தடியே மூடிப்போனது. அவர் அவ்வளவு சந்தோஷமாக இருந்ததை நான் அதற்கு முன்னும் பின்னும் பார்க்கவில்லை.

ஒரே மகள், என் மச்சாள், கல்யாணம் முடித்தபோது வீடும் வளவும் முறைப்படி அவள் பெயருக்கு எழுதப்பட்டன. மாமாவும் மாமியும் பின்பக்கத்து அறைக்கு மாறினார்கள். அதில் ஒருவருக்கும் மனக்குறை இல்லை, ஊர் முழுக்க நடப்பதுதானே. மாமி நெஞ்சைப் பிடித்துக்கொண்டு ஒரு காலையில் போய்ச் சேர்ந்த பிறகுதான், அவர் கொடுத்த வாக்கு எவ்வளவு சின்னது என்று விளங்கியது. நான் இரிக்கிற வரைக்கும் என்றுதான் சொல்லியிருந்தார். அவர் போய்விட்டார், அவ்வளவுதான்.

மாமியின் முப்பத்தொன்றாம் நாள் சடங்கு முடிந்த கையோடு மச்சாள் பேச்சை எடுத்தாள். மரத்தின் வேர் சுவரை உடைக்கிறது, பிள்ளைகளுக்கு மசுக்குட்டிப் புழு கொட்டுகிறது, மேலே மாடி எடுக்கவேண்டும், முன்னுக்குக் கார் நிற்பாட்ட இடம் வேண்டும். ஒவ்வொன்றும் நியாயமான காரணம். "பிழையா நினைக்காதீங்க அப்பா, இவருக்கும் இது சரிவரல்ல" என்று தன் புருஷனையும் சேர்த்துச் சொன்னாள். மறுத்துச் சொல்ல மாமாவுக்கு என்ன உரிமை இருக்கிறது? மரம் தறிக்க ஆட்கள் வந்த அன்று நான் போயிருந்தேன். கொப்புகள் செடிகளுக்கு மேல் விழாமலிருக்க, மாமா கயிற்றின் ஒரு நுனியைத் தன் இடுப்பில் சுற்றி, காலை மண்ணில் ஊன்றி இழுத்துப் பிடித்துக்கொண்டு நின்றார். தன் தலைக்கு மேலே இருந்த நிழலை இறக்க அவரே கயிறு பிடித்தார்! இடையில் வேலையாட்களுக்குப் பிளேன்ரீயும் ஊற்றிக் கொடுத்தார். கடைசிக் கொப்பு விழுந்ததும் திடீரென்று அந்த முற்றம் வெள்ளையாகிவிட்டது. கண் கூசியது. மாமா நெற்றியில் கையை வைத்துக்கொண்டு செடிகளையே பார்த்துக்கொண்டு நின்றார். ஒன்றின்மேலும் கொப்பு விழவில்லை.

ஒரு கிழமைக்குள் எல்லாம் கருகின. மறுபடி நான் போனபோது மாமா கிணற்றடியில் குந்தியிருந்து, தோண்டியெடுத்த கிழங்குகளைக் கோணிப்பையில் போட்டுக்கொண்டிருந்தார். ஹொஸ்டா எங்கே என்று கேட்டேன். மாமா கையிலிருந்த கிழங்கின் மண்ணைத் தட்டிக்கொண்டிருந்தார். குசினியிலிருந்து மச்சாள்தான் சொன்னாள்: "பிரிட்ஜக் கழுவும்போது ஏதோ அழுகின இஞ்சி கிடந்திச்சு மச்சாள், எறிஞ்சிட்டன். அதெண்டு தெரியாது." எனக்கு வந்த கோபத்தில் வாய்க்கு வந்ததெல்லாம் கேட்டேன். உன் தாய் இருந்தால் இப்படிச் செய்வியா, பெத்த தகப்பனைக் கிழங்கு பொறுக்க வைத்துவிட்டியே, உனக்கு நெஞ்சில் ஈரமே இல்லையா என்று. அவள் அழுதாள். அழுதுகொண்டே, "என்ட வீட்டில என்ட விருப்பத்துக்கு ஒண்டு செய்யேலாதா?" என்று கேட்டாள். முறைப்படி பார்த்தால் அவள் செய்ததில் ஒரு பிழையும் இல்லை. பிழையில்லாத காரியத்தைத் திட்டவும் முடியாமல் மன்னிக்கவும் முடியாமல் கிடந்து வேகிறேன். மாமா எழும்பி வந்து, "விடு புள்ள, இலைதானே" என்றார். மாடி வேலை தொடங்கும்போது பின்னறையையும் உடைப்பார்கள் என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரியவந்தது. "கொஞ்ச நாளைக்கு உங்கட அக்காட வீட்ட போய் இரிங்க அப்பா" என்று அவள் முன்னமே சொல்லி வைத்திருந்தாள்.

அக்கா, அதாவது என் அம்மா, காலமாகி வருடங்களாகின்றன. கல்குடாவில் அம்மாவின் வீடு இப்போது என்னுடையது. கோணிப்பைகளோடு மாமாவை ஓட்டோவில் ஏற்றிக்கொண்டு வந்தேன். என் வளவில் தென்னைகள்தான், நிழல் நின்ற இடத்தில் நிற்காது. என் கணவர் கம்பு நட்டுக் கிடுகு கட்டிக் கொடுத்தார். கிழங்குகள் முளைத்தன, இரண்டு இலை விட்டன. பிறகு மேற்கிலிருந்து வீசும் வறண்ட கச்சான் காற்று தொடங்கியது. ஒரு பக்கம் அந்தச் சூடு, இன்னொரு பக்கம் கடல் உப்பு, கிணற்றுத் தண்ணீரும் கோடையில் கரிக்கும். பண்டாரவளை முதலில் போனது, மகியங்கனை பிறகு. காய்ந்த ஒவ்வொன்றையும் மாமா வேரோடு பிடுங்கி முகர்ந்து பார்த்துவிட்டு எறிவார். எல்லாம் போன பிறகும் காலையில் எழும்பி வாளியோடு கிடுகுப் பந்தலுக்குள் போவார், சும்மா நின்றுவிட்டு வருவார். கொஞ்ச நாள் என்று சொல்லி வந்தது, வருடமாகிவிட்டது. திரும்பி வரச்சொல்லி ஒரு போன் வரவில்லை. அவரும் கேட்கவில்லை.

போன மாதம் மச்சாள் என் போனுக்குப் படங்கள் அனுப்பினாள். மாடி வீட்டின் மேல்தளத்தில் பச்சை வலைப்பந்தல், அதன் கீழே வரிசை வரிசையாகச் சாடிகள், ஒவ்வொன்றிலும் கொழுத்த இலைச்செடி. இப்போது எல்லோரும் இதைத்தான் வளர்க்கிறார்களாம், படம் போட்டால் அவ்வளவு பேர் பார்க்கிறார்களாம். "இலை ஓரம் காயுது, என்ன செய்யிற எண்டு அப்பாட்டக் கேட்டுச் சொல்லுங்க மச்சாள்" என்று குரல் பதிவும் இருந்தது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அந்தப் போனை மாமாவிடம் காட்டாமலே விட்டிருக்கலாம். காட்டினேன். அந்த மனிதர் முகம் மலர்ந்ததைப் பார்த்திருக்க வேண்டும். போனைக் கண்ணுக்குக் கிட்டே பிடித்து, ஒவ்வொரு இலையாக விரலால் பெருப்பித்துப் பார்த்தார். "நல்ல சாமான் வாங்கியிருக்காள். தண்ணிதான் கூடிப்போச்சு. நேரில பாத்தாத்தான் சொல்லலாம்" என்றார். தென்னைக்கடியில் மக்கிக் கிடந்த பசளையைச் சல்லடையில் அரித்து ஒரு பை நிறையக் கட்டினார். ஞாயிற்றுக்கிழமை வெள்ளைச் சேர்ட்டைப் போட்டுக்கொண்டு எனக்கு முன்னமே வாசல் படலையடியில் வந்து நின்றார்.

நாவற்குடாவில் இறங்கி, அந்த ஒழுங்கைக்குள் நடந்துபோனோம். வீட்டு முன்னால் ஆள் உயரத்துக்கு மேலே இரும்புத் தகடு அடித்த புதுக் கேற். உள்ளே ஒன்றும் தெரியவில்லை. பக்கத்துத் தூணில் பெல் இருந்தது; மாமா அதைத் தொடவில்லை. பசளைப் பையைக் கீழே வைத்துவிட்டு, சேர்ட்டை இழுத்துச் சரிசெய்துகொண்டு, லொத்தர் சீட்டு விற்க வருகிறவர்களும் உதவி கேட்டு வருகிறவர்களும் கூப்பிடுவது போல, "வீட்டுக்காரர்!" என்று குரல் கொடுத்தார். பகிடிக்குத்தான் கூப்பிடுகிறாரோ என்று அவர் முகத்தைப் பார்த்தேன். பகிடி இல்லை.

"ஆரது?" என்று உள்ளேயிருந்து மச்சாள் கேட்டாள்.

மாமா தன் பெயரைச் சொன்னார்.