உப்பிய கன்னமும் நிறுத்திய மாத்திரையும்

தேயிலை விலை சரிந்து நீலகிரியின் கட்டபெட்டில் எல்லோரும் மெலிந்துகொண்டிருந்த காலத்தில், என் முகம் மட்டும் பூசணிக்காயாக உருண்டது. பெருங்குடல் புண்ணுக்கு டாக்டர் கொடுத்த ஸ்டீராய்டு மாத்திரையின் உபயம். ரத்தப்போக்கு நின்றிருந்தது, அதை யார் பார்த்தார்கள்? கன்னத்தைத்தான் ஊரே பார்த்தது.

"ஏனுங்க, கொழுந்து வெலை எறங்கி எங்க கன்னமெல்லாம் ஒட்டிப்போச்சு. உங்களுக்கு மட்டும் எப்படிங்க உப்புது?" என்றார் பக்கத்துத் தோட்டத்து வேலுச்சாமி.

என் மனைவியின் தம்பி ஒருபடி மேலே போனான். "ஸ்டீராய்டு வெசமுங்க மச்சான். எலும்பையே தின்னுபோடும்."

என்னைப்போல் நாலு புத்தகம் படித்தவனுக்கு டாக்டர் எதற்கு? யாரிடமும் சொல்லாமல் மாத்திரையை அடியோடு நிறுத்தினேன். சில நாட்களில், கொழுந்து எடை போடுமிடத்தில் கண் இருண்டு மூட்டைமேல் சாய்ந்தேன். வேலுச்சாமிதான் ஜீப்பில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்.

டாக்டர் திட்டவில்லை. "எலும்பு தேயும், சர்க்கரை ஏறும், எல்லாம் நெசந்தானுங்க. அதனாலதான் படிப்படியா கொறைக்கறதா இருந்தேன். திடீர்னு நிறுத்தினா உடம்பு தாங்காதுங்க. பயமா இருந்தா எங்கிட்டயே கேட்டிருக்கலாமில்லீங்க?"

இப்போது எந்த மாத்திரை எழுதினாலும் அங்கேயே கேட்கிறேன்: இது எதைக் காப்பாற்றும், எதைக் கெடுக்கும், எப்போது குறைப்பீர்கள்? வெளியே வரிசை முணுமுணுத்தாலும் பதில் வராமல் எழுந்திருப்பதில்லை. ஸ்டீராய்டும் டாக்டர் சொன்னபடி குறைகிறது. கன்னம்தான் இன்னும் அவசரப்படவில்லை.

அதை விசாரிப்பவர்களிடம் சொல்லிவிடுகிறேன்: "கன்னத்தை நீங்க பாருங்க. கொடலை நான் பாத்துக்கறேனுங்க."