களிப் பலகைக்கு நான் பூசிய எண்ணெய்கள்

கல்யாணமான முதல் வருஷம், பரணில் கிடந்த பழைய செய்தித்தாளை எடுக்க, கைக்குக் கிடைத்த பலகையை இரண்டு செங்கல்மேல் வைத்து அதன்மீது ஏறினேன். அது கேழ்வரகுக் களியைக் கொட்டி உருட்டுகிற பலகை, மாரண்டஹள்ளியில் இருக்கும் பிறந்த வீட்டிலிருந்து என் மனைவிக்குச் சீராக வந்தது. இரண்டாகப் பிளந்தது. அப்போது என் எடை அரை மூட்டைக் கேழ்வரகுகூட இருக்காது. என்னால்கூட உடைக்க முடிகிற பொருள் ஒன்று உலகத்தில் உண்டு என்பது அன்றுதான் தெரிந்தது.

"பத்து நாள்ல எங்கப்பா வர்றாரு. அவருக்குக் களி கிண்டிப் போட எனக்குப் பலகை வேணும். எங்க வூட்டுப் பலகை எங்கன்னு கேட்டா, நீங்களே பதில் சொல்லிக்குங்க" என்றாள்.

தருமபுரி மரக்கடை பாய் புளிய மரத்தில் கனமான பலகை இழைத்துக் கொடுத்தார். ஆனால் புது மரத்தில் கொதிக்கக் கொதிக்கக் களியைக் கொட்டினால் பாதி பலகையோடு ஒட்டிக்கொள்ளும், நாரும் எழும்பும். ஏதாவது பூசியாக வேண்டும். பள்ளிக்கூடத்தில் சயின்ஸ் வாத்தியார் நான். பாயிடம் கேட்பது எனக்குக் கௌரவக் குறைச்சல். நாற்காலிக்கு அடித்து மிச்சமிருந்த வார்னிஷை இரண்டு கோட் அடித்தேன். பலகையில் முகம் பார்க்கலாம்.

மறுநாள் மனைவி களியைக் கொட்டினாள். வார்னிஷ் இளகி, களியின் அடியில் தோலாக உரிந்து வந்தது.

"களிக்குக் கண்ணாடி போட்டுக் கட்டுனாப்பல இருக்குதுங்க" என்றாள்.

பாய் உடைந்த கண்ணாடிச் சில்லால் அதைச் சுரண்டி எடுத்தார். "சார், என்ன பூசினீங்க?" என்றார். பலகையைத் தூக்கிக்கொண்டு நடையைக் கட்டினேன்.

அடுத்து வேப்பெண்ணெய். பூச்சி அண்டாது, கிருமி சாகும் என்று வகுப்பில் சொல்வதுபோல மனைவிக்கு விளக்கினேன். அடுப்படியில் நெடி அடித்தது. அது சுத்தத்தின் வாசனை என்றேன். அன்றைய களியைக் கொள்ளுக் குழம்பில் தோய்த்து இரண்டு உருண்டை முழுங்கினேன்.

"ஒண்ணும் தெரியல. பலகை ரெடி."

"மென்னு பாத்தீங்களா?"

"களிய எவன் மெல்லுவான்?"

எங்கள் பக்கத்தில் களியை முழுங்குவதுதான் வழக்கம். ருசி குழம்புக்கு, களி வயிற்றுக்கு. நாக்கு அதை வழியனுப்பி வைப்பதோடு சரி. மனைவி யோசித்துவிட்டு, பக்கத்து வீட்டிலிருந்த தஞ்சாவூர்க்கார வாத்தியாருக்கு ஒரு உருண்டை கொடுத்தனுப்பினாள். அவர் இன்னும் களியை மென்று தின்கிற மனிதர். கால் மணி நேரத்தில் கிண்ணத்தோடு வந்தார்.

"சார், தப்பா நினைக்காதீங்க. உங்க ஊர்ல வயித்துப் பூச்சிக்கு இப்படித்தான் மருந்து கொடுப்பாங்களா?"

கௌரவத்தைக் கழற்றி வைத்துவிட்டு, பலகையைச் சுமந்துகொண்டு பாய் கடைக்குப் போனேன். அவர் அதை முகர்ந்து பார்த்தார். என்னையும் ஒரு பார்வை பார்த்தார்.

"நாக்குல தொட்டு வச்சுப் பாத்தீங்களா இந்த எண்ணெய?"

"இல்லீங்க பாய்."

"அப்பறம் மாமனார் நாக்குல வைக்கப் போனீங்களே. நல்லெண்ணெய காய்ச்சித் தடவுங்க, வெயில்ல போடுங்க, துடைங்க. மூணு நாள் இதே வேலை. அப்பறம் கொதிக்கிற கஞ்சித் தண்ணியில கழுவுங்க."

"வேப்பெண்ணெய் உள்ள ஊறிப் போச்சுங்களே."

பாய் பலகையைத் திருப்பி வைத்தார். "இந்தப் பக்கமும் மரந்தானுங்க."

சயின்ஸ் வாத்தியாருக்கு அது தோன்றவில்லை.

மாமனார் ஞாயிற்றுக்கிழமை காலை பஸ்ஸில் வந்தார். மூன்று உருண்டை போனது. கை கழுவாமலே அடுப்படிப் பக்கம் எட்டிப் பார்த்தார்.

"நாங்க குடுத்த பலகை எங்கம்மா?"

மனைவி என்னைப் பார்த்தாள். கரையான், திருடன் என்று ஒரு வாரமாகக் கதைகள் தயாரித்து வைத்திருந்தேன். உண்மைதான் வாயில் வந்தது.

"நான் ஏறி நின்னேனுங்க மாமா. ஒடஞ்சு போச்சு."

அவர் என்னைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தார். மறுபடி காலிலிருந்து தலைவரை.

"இந்த ஒடம்புக்கா?"

பிறகு தட்டை நகர்த்தி வைத்தார். "எனக்கு இன்னொண்ணு போடும்மா. அவருக்கு ரெண்டு போடு."

அவள் கையை நனைத்து உருட்டினாள். உருண்டை பலகையில் ஒரு துளிகூட ஒட்டாமல் கழன்று வந்தது. பத்து நாளாகச் சிரிக்காதவள், அப்பாவுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு சிரித்தாள்.