ரிசீவரைப் பிடித்திருந்தவள்

1. கால் உடைந்தது, போன் வந்தது

லஸ் முனையில் பஸ்ஸிலிருந்து இறங்கும்போது வழுக்கி விழுந்து கணுக்கால் முறிந்தது. தொண்ணூறுகளின் நடுவில் நடந்தது இது. பார்வை போனவர்களின் வீடுகளுக்குப் போய், கோல் பிடித்து நடக்கவும் சமைக்கவும் பழைய தொழிலுக்குத் திரும்பவும் பயிற்சி கொடுப்பது என் வேலை. காலில் மாவுக்கட்டோடு எந்த வீட்டுக்குப் போவது? லீவு கேட்டேன். எங்கள் டைரக்டர் விடுகிற ஆள் இல்லை.

"கால்தானேம்மா உடைஞ்சிருக்கு? வாய் நன்னாத்தானே இருக்கு? போன்ல சொல்லிக் குடு" என்றார்.

இப்போது வீடியோவில் வகுப்பெடுக்கிற இளம் பயிற்சியாளர்களான நீங்கள் சிரிப்பீர்கள். அன்றைக்கு எனக்கு அழுகைதான் வந்தது. கையைப் பிடித்துச் சொல்லிக் கொடுத்தே பழகியவள் நான்.

முதலில் என் தலையில் விழுந்தவர் காதர் பாய். தி. நகரில் தம்பி அன்வரோடு சேர்ந்து ஜென்ட்ஸ் டெய்லர் கடை வைத்திருந்தவர். கண் நரம்பு பழுதாகி இரண்டு கண்ணும் போய்விட்டது. இனி துணி வெட்ட முடியாது. ஆனால் வருகிறவர்களுக்கு அளவெடுத்து, வாயால் சொல்லி, வேறொருவரை எழுத வைக்கலாம். அதற்கு ஒரு வழி உண்டு. இஞ்ச் டேப்பில் ஒவ்வோர் இஞ்சிலும் ஒரு ஸ்டேப்ளர் பின், பத்து இஞ்சுக்கு ஒரு முறை இரண்டு பின். விரலால் தடவி எண்ணிவிடலாம். அப்படி ஒன்று தயார் செய்து, கோட்டூர்புரத்தில் அவர்கள் இருந்த ஹவுசிங் போர்டு வீட்டுக்கு ஆபீஸ் அட்டெண்டரிடம் கொடுத்தனுப்பினேன்.

அளவெடுக்க இரண்டு கையும் வேண்டும். அப்படியானால் ரிசீவரை யார் பிடிப்பது? அவர் மனைவி ஜரினா பிடித்தாள். அளவு கொடுக்க ஒரு உடம்பு வேண்டுமே? அதற்கும் ஜரினாதான். புருஷன் காதுக்கும் தன் காதுக்கும் நடுவில் ரிசீவரை வைத்துக்கொண்டு நிற்பாள். அவர் விரலால் எண்ணிச் சொல்வார். அவள் டேப்பைப் பார்த்து சரியா தப்பா என்று எனக்குச் சொல்வாள்.

2. தேன் குரல்

முதல் நாளே ஜரினா கேட்டாள்: "உங்க கொரலு தேனாட்டம் கீதே டீச்சரம்மா. ரேடியோல பேசிக்கினு இருந்தீங்களா?"

புகழ்ச்சி என்று நினைத்து நானும் இளித்தேன்.

சட்டைப் பொத்தானைப் பாய் தானே போட்டுக்கொள்ள வேண்டும், தட்டில் எது எங்கே என்று தானே தெரிந்துகொள்ள வேண்டும் என்று நான் சொல்லச் சொல்ல, அவளுக்கு எரிச்சல் ஏறியது. அதுவரை அதெல்லாம் அவள் கையால் நடந்தவை.

"நான் இத்தினி நாளு சொன்னேன், எய்ந்து ஒரு எட்டு நடங்கன்னு. காதுலயே வாங்கல. நீங்க சொன்னா ஒடனே எய்ந்து நிக்கிறாரு. இன்னா சொக்குப்பொடி போட்டீங்க?"

"ஐயோ, அப்படியெல்லாம் இல்லம்மா" என்றேன்.

"அம்மாவா! சும்மா ஜரினான்னே கூப்புடுங்க. உங்க வயசுக்கு நான் அம்மாவா?"

என் வயதை அவள் என்னவென்று கணக்குப் போட்டிருந்தாளோ! நான் "சபாஷ் பாய், பிரமாதம்" என்று சொன்னால் போதும், ரிசீவர் அவர் காதை விட்டு நகர்ந்துவிடும். பிறகு மின்விசிறிச் சத்தம்தான் கேட்கும்.

ஒன்றை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். எனக்கும் அவள்மேல் பொறாமைதான். நன்றாகவே வயிறெரிந்தேன். "ஜரினா, தோளைத் தளர விடு... கொஞ்சம் திரும்பு... கை வலிக்குதா?" என்று அந்த மனுஷர் கேட்பது போனில் எனக்கும் கேட்கும். இங்கே என் வீட்டில் என் கணவர் பேப்பருக்குள் இருப்பார். கால் உடைந்து வந்த அன்றைக்கே "அப்போ காபி யார் போடறது?" என்று கேட்ட புண்ணியவான். போனை வைத்துவிட்டு அவரைப் பார்த்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

3. இடுப்பில் வந்த வினை

தோள் சரி. கை நீளம் சரி. கழுத்து சரி. இடுப்புக்கு வந்தபோது பாய் முப்பத்தெட்டு என்றார்.

"தப்பு" என்றாள் ஜரினா. "முப்பத்துநாலு."

மறுநாளும் முப்பத்தெட்டு. மறுநாளும் "தப்பு." டேப் உடம்பைச் சுற்றி முதுகுப்பக்கம் போகும்போது விரல் எண்ணிக்கையை விட்டுவிடுகிறது என்று முடிவு கட்டினேன். டேப்பை எங்கே பிடிக்க வேண்டும், கட்டைவிரலை எங்கே நிறுத்த வேண்டும் என்று தலைகீழாக நின்று சொல்லிக் கொடுத்தேன். பலனில்லை. பாய் மறுத்து ஒரு வார்த்தை பேசவில்லை. "சரிங்க மேடம், நாளைக்குப் பாக்கலாம்" என்பார், அவ்வளவுதான். மனம் விட்டுப்போய்விட்டது போலிருக்கிறது என்று நினைத்தேன்.

அந்த வெள்ளிக்கிழமை தம்பி அன்வர் எனக்கு போன் செய்தார். "மேடம், ஆடி முடிஞ்சா தீபாவளித் துணி வந்து குமிஞ்சிடும். அண்ணன் அளவெடுக்க உக்காரலாமா, சொல்லுங்க. இல்லன்னா நான் வேற மாஸ்டர் போடணும். ஒருத்தரைப் போட்டுட்டா அப்புறம் எழுப்ப முடியாது. நீங்க சொல்றதுதான்."

இடுப்பளவில் நாலு இஞ்ச் தப்பினால் பேன்ட்டை யாருக்கு மாட்டுவது? முடியாது என்ற வார்த்தை நாக்கு நுனிவரை வந்துவிட்டது. "திங்கட்கிழமை சொல்றேன்" என்று இழுத்தேன்.

சனிக்கிழமை கடைசியாக ஒன்று தோன்றியது. உருண்டையான வேறு சாமான்களை அளக்கச் சொன்னேன். தண்ணீர்க் குடத்தைச் சுற்றி அளந்தார். "சரி" என்றாள் ஜரினா. அரிசி டிரம்மை அளந்தார். அதுவும் சரி. காஸ் சிலிண்டரும் சரி. குடத்துக்குச் சரி, டிரம்முக்குச் சரி, பெண்டாட்டிக்கு மட்டும் தப்பா?

4. நாற்பத்திரண்டு

மாவுக்கட்டு பிரித்து சில நாள்தான் ஆகியிருந்தது. மறுநாள் ஞாயிற்றுக்கிழமை காலையே ஒரு மூங்கில் கோலை ஊன்றிக்கொண்டு ஆட்டோவில் கோட்டூர்புரம் போய் இறங்கினேன். ஊருக்கெல்லாம் கோல் பிடிக்கக் கற்றுக்கொடுத்தவளுக்கு முதல் மாடி ஏறுவதற்குள் நாக்குத் தள்ளிவிட்டது.

கதவைத் திறந்த ஜரினா என்னை மேலும் கீழும் பார்த்தாள். நரைத்த கொண்டை, சோடாபுட்டிக் கண்ணாடி, ஒன்பது கெஜத்தில் மூச்சு வாங்கிக்கொண்டு ஒரு மாமி.

"யாரு வேணும்?"

"நான்தாம்மா போன்ல பேசற பத்மா."

அவள் முகத்தைப் பார்க்க வேண்டுமே! சிரிப்பை அடக்க முந்தானையை வாயில் திணித்துக்கொண்டாள். "நீங்களா? அய்ய, நான் யாரோ சின்னப் பொண்ணுன்னு... உக்காருங்க மாமி, மொதல்ல தண்ணி குடிங்க."

டீச்சரம்மா ஒரே நொடியில் மாமியாகிவிட்டாள். எனக்குக் கொஞ்சம் கோபம்கூட வந்தது.

பாய் கூடத்தில் உட்கார்ந்திருந்தார். நான் ஜரினாவை அடுக்களைக்குக் கூட்டிப் போனேன். "டேப்புல ஏதோ கோளாறு இருக்கும்போல. முதல்ல என் இடுப்பை அள, பார்ப்போம்" என்றேன்.

வெட்கமே இல்லாமல் ஆசையோடு அளந்தாள். பிறகு தெருமுனைவரை கேட்கிற மாதிரி கத்தினாள்: "நாப்பத்திரண்டு!"

அவளுக்கு அப்படி ஒரு சந்தோஷம். டேப்பைச் சுருட்டிக்கொண்டே, அவளாகவே, குரலைத் தாழ்த்திச் சொன்னாள்: "மாமி, டேப்பு நல்லாத்தான் கீது. எனக்கு முப்பத்தெட்டுதான். அவரு சொன்னதுதான் ரைட்டு. அவ்ளோ நல்லா பேசுற பொம்பளைகிட்ட என் சுத்தளவை எப்புடிச் சொல்றது?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "அடிப்பாவி! உன்னால அவருக்குக் கடையே போயிருக்குமேடி! உன் கொழுந்தனார் என் வார்த்தைக்குத்தான் காத்துண்டிருக்கார். நான் முடியாதுன்னு சொல்ல இருந்தேன்."

அவள் முகம் வெளுத்துவிட்டது. கூடத்துக்கு ஓடி, புருஷன் முன்னால் நின்று தேம்பினாள். "தப்பெல்லாம் என்னுதுங்க. நீங்க சரியாத்தான் சொன்னீங்க."

பாய் சிரித்தார். "தெரியுமே. என் கைக்குத் தெரியாதா உன் இடுப்பு?"

"அப்புறம் ஏன் பாய் வாயைத் திறக்கல?" என்று நான் கத்தினேன்.

"கடைல தம்பியை நிக்கவெச்சு அளந்து காட்டினாப் போச்சுன்னு இருந்தேன் மேடம். நீங்க போன்ல கேட்டுக்கிட்டு இருக்கீங்க. உங்க முன்னாடி இவளைப் பொய்யின்னு எப்படிச் சொல்ல?"

அங்கிருந்தே அன்வருக்கு போன் போட்டு, திங்கட்கிழமையே அண்ணன் உட்காரலாம் என்று சொன்னேன். அந்தத் தீபாவளிக்கு அளவெல்லாம் காதர் பாய்தான் எடுத்தார். ஒரு பேன்ட்டும் திரும்பி வரவில்லை.

இளையவர்களுக்கு நான் சொல்வது இவ்வளவுதான். தூரத்திலிருந்து சொல்லிக் கொடுக்கும்போது, அந்தப் பக்கம் நடப்பதை உங்களுக்குச் சொல்கிற ஒருவர் இருப்பார். பயிற்சி பெறுபவரிடம் பேசுமுன் அவரிடம் பேசுங்கள். அவர் கண்ணை மட்டும் நம்பி, கற்றுக்கொள்பவர் விரலைச் சந்தேகப்படாதீர்கள்.

அன்று வீட்டுக்குப் போய், அடுக்களையில் என்னை அளந்ததை மட்டும் விட்டுவிட்டு, கதை முழுவதையும் கணவரிடம் சொன்னேன். எப்பேர்ப்பட்ட மனுஷன் பாருங்கோ என்று குத்தலாகத்தான் சொன்னேன். அவர் பேப்பரைக் கொஞ்சம் இறக்கினார்.

"அது சரி, உன்னோடது எவ்வளவு?"

"முப்பத்தாறு" என்றேன்.

"ஓ" என்று சொல்லிவிட்டுப் பேப்பரை மறுபடி உயர்த்திக்கொண்டார். இரண்டு கண்ணும் நன்றாகத் தெரிகிற மனிதர், நம்பிவிட்டார்.