இரண்டாம் நாள் குஞ்சு

மணிக்கு ஆயிரத்து நூறு. குஞ்சு பொரிப்பகத்தில் அவருடைய வேகம் அது. உயரமான முக்காலி, முகத்துக்கு நேரே எரியும் விளக்கு, எதிரே அப்போதுதான் ஈரம் காய்ந்த குஞ்சுகள். ஒவ்வொன்றாக எடுத்துத் திருப்பி, வாலடியில் கட்டைவிரலால் லேசாக அழுத்திப் பார்ப்பார். பெட்டை என்றால் வலப்பக்கப் பெட்டி. சேவல் என்றால் இடது கை தானாகப் பின்னால் போகும். அங்கே ஒரு புனல் இருந்தது. முட்டைக்காக வளர்க்கும் இனத்தில் சேவலால் யாருக்கும் லாபமில்லை. புனலுக்குள் போனது என்ன ஆகிறது என்று புதிதாக வேலைக்கு வருகிறவர்கள் ஒரே ஒரு முறை கேட்பார்கள். அன்று மதியம் சாப்பாட்டு டப்பாவைத் திறக்காமலே வீட்டுக்கு எடுத்துப் போவார்கள்.

இருபத்து மூன்று ஆண்டுகள் அந்த முக்காலியில் உட்கார்ந்தார். கூட வேலை செய்தவர்கள் மணிக்காயிரம் என்று பெயர் வைத்தார்கள். மீதி நூறு எங்கே என்று அவர் கேட்பார். டீ குடிக்கிற நேரத்துக்குக் கழித்துவிட்டோம் என்பார்கள்.

வலப்பக்கப் பெட்டிகள் நிரம்பியதும் லாரி ஏறிவிடும். மதியத்துக்கு மேல் அந்தக் கட்டடத்தில் உயிரோடு ஒரு குஞ்சு இருக்காது. ஆக, கோடிக்கணக்கில் குஞ்சுகளைக் கையில் பிடித்த மனிதர், பிறந்து இரண்டு நாளான ஒரு குஞ்சைக்கூடப் பார்த்ததில்லை. அது ஒரு குறை என்று அவருக்குத் தோன்றியதும் இல்லை. தபால் பிரிக்கிறவர் எல்லாக் கடிதத்தையும் படித்தா பார்க்கிறார்?

சிக்கலை ஆரம்பித்து வைத்தது மனைவி. கல்யாணமான புதிதில் அவளுடைய அம்மா வீட்டார், மாப்பிள்ளைக்கு என்ன வேலை என்று துருவினார்கள். புனலைப் பற்றி எப்படிச் சொல்வது? "குஞ்சுகளைப் பாத்துக்கிற வேலை" என்று சொல்லிவைத்தாள். முழுப்பொய் இல்லை, பார்க்கத்தானே செய்தார். அந்த ஒரு வரி வருஷா வருஷம் சதை போட்டு வளர்ந்தது. சாகக் கிடக்கிற குஞ்சுகூட அவர் கை பட்டால் எழுந்து நிற்கும் என்கிற அளவுக்குப் போனது. மைத்துனன் வீட்டு நாய் இருமினால்கூட அவருக்குத்தான் போன் வந்தது. அவரும் மறுக்கவில்லை. மாமியார் வீட்டில் மரியாதை கிடைத்தால் யார்தான் வேண்டாம் என்பார்கள்?

பிறகு பொரிப்பகம் இனத்தை மாற்றியது. புது இனத்தில் பெட்டை பழுப்பாகவும் சேவல் மஞ்சளாகவும் பிறந்தன. கண் தெரிகிற யாரும் பிரிக்கலாம், கட்டைவிரல் தேவையில்லை. அவரை ஒரு சுவர்க்கடிகாரம் கொடுத்து அனுப்பினார்கள். ஐம்பத்தோரு வயதில், மனைவி தையல் கடைக்குப் போன பிறகு தனியாக வீட்டில் உட்கார்ந்து, டிவி சத்தத்தைக் கூட்டுவதும் குறைப்பதுமாக இருந்தார். அக்கம்பக்கத்தில் வேலை விஷயமாக யாராவது விசாரித்தால், லீவு என்றார். பிறகு அவர்களும் கேட்பதை விட்டார்கள்.

அந்த நேரத்தில்தான் மைத்துனன் வந்தான். டயர் கடையை மூடிவிட்டு, வீட்டுக்குப் பின்னால் கறிக்கோழிக் கொட்டகை போட்டிருந்தான்.

"இடம் என்னுது, உழைப்பு என்னுது. மூளை உங்களுது அத்தான். கூட நின்னு நடத்துங்க. நீங்க இருக்கற தைரியத்துலதான் எறங்கறேன்."

அன்று இரவு சாப்பிடும்போது மனைவி, உண்மையைச் சொல்லிவிடலாமா என்று மெதுவாக ஆரம்பித்தாள். சொன்னால் அவள் தன் வீட்டில் பொய்க்காரி ஆவாள். சொல்லாவிட்டால் இவர் மாட்டுவார். அவர் தட்டைப் பார்த்தபடி, தெருவில் சுற்றுகிற கோழி எந்தப் பள்ளிக்கூடத்தில் படித்துவிட்டுக் குஞ்சு வளர்க்கிறது என்று கேட்டார். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. ஆனாலும் விட்டுவிட்டாள். எத்தனையோ மாதத்துக்குப் பிறகு காலையில் சட்டைக்கு இஸ்திரி போடுகிறார். அதைக் கெடுக்க அவளுக்கு மனம் வரவில்லை.

அவர் ஒரேயடியாகக் கண்ணை மூடிக்கொண்டு இறங்கவும் இல்லை. விசாரித்துத் தெரிந்துகொள்ளலாம் என்று தீவனக் கடைக்குப் போனார். முதல் சில நாள் குஞ்சுகளைச் சூட்டில் வைக்கிற அடைப்புக்குப் புரூடர் என்று பெயர், அதை எப்படி அமைப்பது என்று கேட்க வாய் திறப்பதற்குள், கடைக்காரர் எழுந்து நின்றுவிட்டார். மைத்துனன் ஏற்கனவே சொல்லி வைத்திருந்தான். கடையில் நின்ற நாலு பேரிடம், "சார் பெரிய ஹேச்சரியில இருபத்து மூணு வருஷம்" என்று அறிமுகம் செய்தார். ஒருவர் தன் கோழிக்குக் கழிச்சல் என்று வைத்தியம் கேட்டார். ஓய்வு கொடுங்கள் என்று சொல்லிவிட்டு, பெரிய பல்பு ஒன்றும் தண்ணீர் வைக்கிற டப்பாக்களும் வாங்கிக்கொண்டு திரும்பினார்.

ஆகவே புரூடரைத் தனக்குத் தெரிந்த விதத்தில் கட்டினார். அவருக்குத் தெரிந்தது குஞ்சுப் பெட்டி. நூறு குஞ்சு கொள்ளும் அட்டைப்பெட்டி, நடுவே குறுக்குத் தடுப்பு, நாலு அறை. அதில் நெருக்கி அடுக்கிய குஞ்சுகள் சத்தமில்லாமல் எத்தனையோ மைல் போய்ச் சேருவதை அவர் பார்த்திருக்கிறார். அதையே பெரிதாகச் செய்தார். பலகையால் சதுரமாக ஓர் அடைப்பு, நடுவில் கூட்டல் குறிபோல் தடுப்பு, நாலு அறை, கீழே உமி. தடுப்புகள் சந்திக்கிற இடத்துக்கு நேர்மேலே பல்பைத் தொங்கவிட்டார். தச்சுவேலை சுத்தமாக இருந்தது. மைத்துனன் அதைப் போட்டோ எடுத்துச் சொந்தக்காரர்களுக்கெல்லாம் அனுப்பினான்.

குஞ்சுகள் ஒரு மாலை தூறலில் வந்தன. வண்டி ஓட்டி வந்தவன் முப்பது வயதுக்காரன், வாரத்தில் ஆறு நாள் குஞ்சுப் பெட்டிகளோடு அலைகிறவன். ஐந்து பெட்டியை இறக்கிவைத்துவிட்டு அடைப்பை எட்டிப் பார்த்தான். தலையைச் சொறிந்தான்.

"அண்ணே, தப்பா நெனைக்காதீங்க. நான் போற எடத்துல எல்லாம் தகரத்தை வளைச்சு வட்டமாத்தான் வைப்பாங்க. மூலை இருந்தா ஏறி அமுங்கிடும்னு சொல்வாங்க."

"வண்டி ஓட்டுறவன் எல்லாம் எனக்குப் பாடம் எடுக்கற காலம் வந்துருச்சு மாப்பிள்ளை," என்றார் அவர். மைத்துனன் சிரித்தான். வண்டிக்காரனும் கூடச் சிரித்துவைத்தான். வாடிக்கையாளர் சிரிக்கும்போது சிரிப்பது அவன் தொழிலுக்கு நல்லது. தண்ணீரைச் சீக்கிரம் வையுங்கள் என்று மட்டும் சொல்லிவிட்டுக் கிளம்பினான்.

பெட்டியைத் திறந்ததும் அவருக்குப் பத்து வயது குறைந்துவிட்டது. ஒரு குஞ்சை எடுத்தார், திருப்பினார், கட்டைவிரல் ஓர் அழுத்து. "சேவல்." இடது கை பின்னால் போனது. பாதி வழியில் நிறுத்தி, குஞ்சை அறைக்குள் விட்டார். "பெட்டை. பெட்டை. சேவல்." மைத்துனன் மனைவி வாயில் கை வைத்துக்கொண்டு நின்றாள். ஐந்நூறையும் பிரித்தார், இரண்டு அறைக்குச் சேவல், இரண்டு அறைக்குப் பெட்டை. ஒன்றுகூடச் சோர்ந்து இல்லை. ஒவ்வொன்றும் அவர் கையில் உதைத்தது.

"எல்லாம் கறிக்குத்தானே அத்தான், பிரிச்சு என்ன பண்ணப் போறோம்?" என்றான் மைத்துனன். அவர் காதில் அது விழவில்லை.

"கம்பெனியில பிரிச்சு என்னண்ணே பண்ணுவீங்க?" இது மைத்துனன் மனைவி.

"தனித்தனியா வளப்பாங்க," என்று, கூட வந்திருந்த அவர் மனைவி அவசரமாகச் சொன்னாள். அவர் அடுத்த குஞ்சை எடுத்தார்.

பிரித்து முடித்தபோது இருட்டத் தொடங்கியிருந்தது. தண்ணீர் வைக்கட்டுமா என்று மைத்துனன் மனைவி டப்பாவோடு வந்தாள். புதுக் குஞ்சுக்கு வயிற்றுக்குள்ளேயே இரண்டு நாள் சாப்பாடு இருக்கிறது, உமி நனைந்தால்தான் ஆபத்து, காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்றார். முதல் பாதி உண்மை. பொரிப்பகத்தில் எல்லாரும் சொல்வதுதான். யாராவது பக்கத்தில் படுத்துக்கொள்ள வேண்டுமா என்று மைத்துனன் கேட்டான். கத்தினால்தான் கவலைப்பட வேண்டும், சத்தமில்லை என்றால் சுகமாக இருக்கிறது என்று அர்த்தம் என்றார். மனைவி அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கும் அதற்கு மேல் எதுவும் தெரியாது.

காலையில் கணவனும் மனைவியும் வந்தபோது மைத்துனன் கொட்டகை வாசலில் பல் துலக்கிக்கொண்டிருந்தான். அவர் கதவருகே நின்று காது கொடுத்தார். முனகல் மாதிரி ஏதோ மெல்லிய சத்தம், அவ்வளவுதான். "கேட்டியா?" என்றார் மனைவியிடம், பெருமையாக.

நாலு அறையிலும் குஞ்சுகள் பல்பு பக்கமாக இருந்த உள்மூலையில் குவிந்திருந்தன. மேலே இருந்தவை அசையாமல் உட்கார்ந்திருந்தன. நல்ல தூக்கம் என்று நினைத்து ஒன்றை எடுத்தார். அடியில் இருந்தது தட்டையாக, அட்டை மாதிரி வந்தது. அதற்கு அடியில் இன்னொன்று. சூடு இருந்தது அந்த மூலையில் மட்டும்தான். வெளியே இருந்தவை சூட்டுக்காக உள்ளே முட்ட, உள்ளே இருந்தவை போக இடமில்லாமல் தடுப்போடு நசுங்கியிருந்தன. பாதிக்கு மேல் போய்விட்டன. செத்தவற்றைப் பொறுக்கும்போதும் அவர் கட்டைவிரல் ஒவ்வொன்றின் வாலடிக்கும் போய் வந்தது.

மைத்துனன் மனைவி யாரையும் கேட்காமல் தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள். உயிரோடு இருந்தவை ஒன்றின் மேல் ஒன்று விழுந்து குடித்தன.

"என்ன அத்தான் இது?" மைத்துனன் வாயில் நுரை இன்னும் இருந்தது. கோபமாகக் கேட்கவில்லை. உண்மையிலேயே தெரிந்துகொள்ளத்தான் கேட்டான். தெரிந்தவர் ஒருவர் எதிரே நிற்கிறார் அல்லவா?

அவர் வாயைத் திறந்தார். என்ன சொல்ல இருந்தார் என்பது அவருக்கே நிச்சயமில்லை. அதற்குள் மனைவி முந்திக்கொண்டாள்.

"குஞ்சுலதான்டா கோளாறு. அந்த வண்டிக்காரன் எல்லாத்தையும் சாத்திட்டு ஓட்டிட்டு வந்திருப்பான். மழை வேற. உங்க அத்தான் கையில இத்தனை வருஷத்துல இப்படி ஆனதே இல்ல."

இப்போது எல்லாரும் அவரைப் பார்த்தார்கள். நடுவே கொஞ்சம் நேரம் கிடைத்தது. அந்த நேரம் போதும், ஒரு மனிதன் எந்தப் பக்கம் போவது என்று முடிவு செய்ய.

"மூச்சு முட்டின குஞ்சு அப்பவே சாகாது மாப்பிள்ளை," என்றார். "ராத்திரிதான் காட்டும்."

இவ்வளவு நம்பிக்கையோடு அவர் எதையும் சொன்னதில்லை. மைத்துனன் அங்கேயே நின்று போன் போட்டான். குஞ்சு அனுப்பியவர்கள் தங்கள் பக்கம் தவறு எதுவும் இல்லை, வண்டியை விசாரிக்கிறோம் என்றார்கள். தீவனக் கடைவரை செய்தி போனது. பெரிய ஹேச்சரிக்காரரே சொல்லிவிட்டார் என்றால் கடைக்காரர் ஏன் சந்தேகப்படப் போகிறார்?

மறுநாள் வண்டிக்காரன் நேரே அவர் வீட்டுக்கு வந்தான். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை. குஞ்சு அனுப்பியவர்கள் அவனுக்கு ஓட்டம் தருவதை நிறுத்திவைத்துவிட்டார்கள். அவனைக் கூப்பிட்டுக்கொண்டிருந்த இரண்டு பண்ணைகள் போனை எடுக்கவில்லை.

"அண்ணே, நீங்க தொழில் தெரிஞ்சவரு. ஒவ்வொண்ணையும் உங்க கையால எடுத்துப் பாத்தீங்கன்னு சொன்னாங்க. ஒண்ணாவது சொணங்கி இருந்துச்சா? அதை மட்டும் உங்க மச்சான்கிட்ட ஒரு வார்த்தை சொல்லுங்க, போதும்."

அடுப்படியில் பாத்திரச் சத்தம் நின்றது. மனைவி கேட்டுக்கொண்டிருக்கிறாள் என்பது அவருக்குத் தெரிந்தது.

"கையில பாத்தா தெரியாதுப்பா," என்றார். "உள்ளே இருக்கற கோளாறு வெளியே தெரியாது."

வண்டிக்காரன் வாசற்படி வரை போனான். பிறகு, அவருக்குத் தெரியாது என்றால் வேறு யாருக்குத் தெரியும் என்று சொல்லிவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு போனான். நக்கலாகச் சொன்னானா, நம்பிச் சொன்னானா என்று கணவனும் மனைவியும் பேசிக்கொள்ளவில்லை. அதற்குப் பிறகு அவர்கள் பேசிக்கொள்வதே சாப்பாடு, மின்சாரம், மழை என்ற அளவில்தான்.

ஒரு வாரம் கழித்து அவர் மைத்துனன் வீட்டுக்குப் போனார். மிஞ்சிய குஞ்சுகள் இறக்கை அரும்பி, பலகைக்கு மேல் எம்பிக் குதித்துக்கொண்டிருந்தன. அவற்றை வெகுநேரம் பார்த்தார். பிறகு ஒரு சுத்தியல் கேட்டு வாங்கி, நடுத்தடுப்புகளைத் தட்டிக் கழற்றினார்.

"அடுத்த தடவை தகரத்தை வளைச்சு வட்டமா வச்சுரலாம் மாப்பிள்ளை. மூலையே இருக்கக் கூடாது. நான் யோசிச்சு வச்சிருக்கேன்."

"நீங்க சொன்னா சரி அத்தான்," என்றான் மைத்துனன். அன்றே போய்த் தகரம் வாங்கி வந்தான்.

புது ஐந்நூறு குஞ்சுகள் வெள்ளிக்கிழமை காலையில் வருகின்றன, வேறு வண்டியில்.