தம்பி வாசித்த ரிப்போர்ட்

யாராவது எனக்கு ஒரு காகிதத்தை வாசித்துக் காட்டினால், நான் வாசிப்பவரின் கண்களைத்தான் பார்ப்பேன். மூன்றாம் வகுப்பில் ஒட்டிக்கொண்ட பழக்கம். எழுத்துகள் எனக்கு ஒரு இடத்தில் நின்றதில்லை. துணைக்காலும் 'ர'வும் ஒன்றாகத் தெரியும். பாதி வரி போவதற்குள் அடுத்த வரி மேலே ஏறி வந்துவிடும். அதனால் பக்கத்துப் பிள்ளை வாசிப்பதைக் காதால் பிடித்துக்கொண்டு, புத்தகத்தை விரித்து வைத்து ஒப்பிப்பேன். ஒரு நாள் டீச்சர் அருகே வந்து பக்கத்தை உள்ளங்கையால் மூடினார். நான் நிறுத்தாமல் வாசித்துக்கொண்டே இருந்தேன். வகுப்பே சிரித்தது.

எட்டாவதோடு நின்றுவிட்டேன். இப்போது ராமேஸ்வரத்துக்குப் பக்கத்தில் மண்டபம் ஊரில் தையல் கடை வைத்திருக்கிறேன். எண்கள் என்னிடம் தகராறு செய்வதில்லை. அளவு நோட்டில் பெயர் எழுத வேண்டிய இடத்தில் அவரவர் துணியில் ஒரு துண்டை ஒட்டிவிடுவேன். வருகிறவர்கள் அதை நேர்த்தி என்று நினைக்கிறார்கள். ஆனால் வீட்டுக்கு எந்தத் தாள் வந்தாலும், வாசிப்பவர் பாதியை முழுங்கிவிட்டாரோ என்று தோன்றும். கணவர் வாசித்ததை மகளிடம் கொடுத்து மறுபடி வாசிக்கச் சொல்வேன். அவருக்கு அது பிடிக்காது. தெரிந்தும் செய்வேன்.

தம்பியை மட்டும் சந்தேகப்பட்டதில்லை. ஆறாம் வகுப்பிலிருந்து ராமநாதபுரத்தில் ஹாஸ்டலில் தங்கிப் படித்தவன். தனுஷ்கோடிக்கு வேனில் சுற்றுலா ஆட்களை அழைத்துப்போய், கையில் சின்னப் புத்தகம் ஒன்றை விரித்து வைத்துக்கொண்டு, புயலில் அழிந்த ஊரைப் பற்றி அரை மணி நேரம் பேசுவான்.

போன வருஷம் வலை இழுக்கும்போது எங்களைப் பெற்ற அய்யாவுக்கு நெஞ்சு அடைத்தது. ராமநாதபுரத்தில் ஒரு ஆஸ்பத்திரியில் டெஸ்ட் எடுத்தோம். இரண்டு நாள் கழித்துத் தம்பி போய் ரிப்போர்ட்டை வாங்கிக்கொண்டு நேராகக் கடைக்கு வந்தான்.

"டாக்டர் என்னலே சொன்னாரு?"

"டாக்டர் இல்லக்கா. நர்சம்மாதான் குடுத்தாங்க. வாய்வுன்னு போட்டிருக்கு. பயப்பட ஒண்ணுமில்ல."

"முழுசா வாசி."

வாசித்தான். கண்கள் தாளில் ஒரே இடத்தில் நின்றன; வாய் மட்டும் போய்க்கொண்டிருந்தது. அய்யாவுக்குப் பெரிதாக ஏதோ இருக்கிறது, இவன் மறைக்கிறான் என்று முடிவு கட்டினேன்.

தாளை வாங்கி வைத்துக்கொண்டு, அவன் போனதும் மருந்துக்கடைக்கு ஓடினேன். அங்கிருந்த பெண் வாசித்தாள். முகம் மாறியது. "உடனே டாக்டரப் பாருங்கக்கா" என்றாள். என்னவென்று கேட்டதற்குத் தாளை மடித்து என் கையில் கொடுத்துவிட்டாள். இவளுக்கும் தம்பி சொல்லி வைத்திருப்பானோ என்று நினைத்தேன். அய்யாவின் வீட்டைத் தன் பெயருக்கு எழுதி வாங்குவதற்காகத்தான் என்னை ஒதுக்குகிறான் என்றுகூட ஒரு நினைப்பு ஓடியது. இப்போது சொல்ல வெட்கமாக இருக்கிறது.

வேன் ஸ்டாண்டில் அவனைப் பிடித்தேன். "எதுக்குலே என்கிட்ட மறைக்கிற?"

அவன் சுற்றும் பார்த்தான். பிறகு வேன் கதவைச் சாத்திவிட்டு, "எனக்கும் வாசிக்க வராதுக்கா" என்றான்.

"நடிக்காத."

"சத்தியமா. ஹாஸ்டல்ல கூட்டாளி வாசிக்கறதக் கேட்டுக் கேட்டுத்தான் பாஸானேன். இங்கிலீஷ் சுத்தமா ஏறல. நர்சம்மா சிரிச்சுக்கிட்டே குடுத்தாங்க. அதான் ஒண்ணுமிருக்காதுன்னு நெனச்சேன்."

"அப்ப அந்தப் புத்தகம்?"

"அது சும்மா கையில இருக்கும். இன்னொரு கைடு பேசுனத மனசுல ஏத்திக்கிட்டேன்."

ஒரே வீட்டில் பிறந்து, ஒரே கோளாறை ஒருவருக்கொருவர் தெரியாமல் இத்தனை வருஷம் பொத்தி வைத்திருந்தோம். அழுகை வந்தது. அதைவிட அதிகமாகக் கோபம் வந்தது. நர்ஸ் சிரித்ததை நம்பி அய்யாவைச் சாக விட்டிருப்பான்.

அன்று சாயங்காலமே அய்யாவைக் கூட்டிக்கொண்டு டாக்டரிடம் போனோம். "நீங்க வாயால சொல்லுங்க டாக்டர். எங்க ரெண்டு பேருக்கும் வாசிக்க வராது" என்றேன். வெளி ஆளிடம் நான் அதைச் சொன்னது அதுதான் முதல் தடவை. தம்பி தலையைக் குனிந்துகொண்டான். டாக்டர் சிரிக்கவில்லை. இதயத்துக்குப் போகும் குழாயில் அடைப்பு, தாமதிக்காமல் மதுரைக்குப் போக வேண்டும் என்று நிதானமாகச் சொன்னார். நான் போனில் பதிவு செய்துகொண்டேன்.

மதுரையில் ஸ்டென்ட் வைத்தார்கள். அய்யா பிழைத்துக்கொண்டார். கடலுக்கு மட்டும் போவதில்லை.

போன வாரம் தம்பி பெண்டாட்டி ஜாக்கெட் தைக்கத் துணி கொண்டுவந்தாள். அளவு கொடுத்துவிட்டுப் போகாமல் நின்றாள்.

"மதினி, நான் மெசேஜ் அனுப்புனா இவரு பதிலே போடறதில்ல. என்னன்னு கேட்டா போன் பண்ணிப் பேசுறாரு. என்னமோ மறைக்கிறாருன்னு தோணுது."

"நீயே கேளு. கோவப்படாமக் கேளு" என்றேன்.

அவள் என் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தாள். எனக்கும் அதில் பங்கு இருக்கிறது என்று நினைத்திருப்பாள். அவள் படி இறங்கியதும் தம்பிக்குப் போன் போட்டு, "அவகிட்டச் சொல்லிரு" என்றேன்.

"சொல்லிர்றேன்க்கா" என்றான்.

சொன்னானா, தெரியவில்லை.